கறுப்பு முக்கோணம் யாருடையது?

திருட்டுப் பொருளுக்குக் கண்ணாடி போட்டுக் காவலும் வைத்திருப்பவரே, உங்களைத்தான் சொல்கிறேன்! உங்கள் அருங்காட்சியகத்தில் தொங்கும் அந்த எம்பிராய்டரித் துணிக்குக் கீழே ஒரே ஒரு பெயர், லிதியா. சந்தையில் ஒரு முழம் துணி எடுக்கிறவன்கூட, தைத்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேரம் பேசுவான். உங்களுக்கு அது தோன்றவேயில்லையா? போகட்டும். வாசிக்கிறவர்களே, நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

ருஷ்யாவில் புரட்சிக்கு முந்திய வருஷம். மாஸ்கோவில் லிதியா என்றொரு பெண் ஓவியர். பூவும் கொடியும் வேண்டாம், வெறும் வடிவமும் நிறமும் போதும் என்ற புதுக் கூட்டத்தைச் சேர்ந்தவள். வலப்பக்கம் பெரிய சிவப்புச் சதுரம், இடப்பக்கம் மஞ்சள் முக்கோணம் என்று ஒரு தாளில் வரைந்து, வோல்கா கரைக் கிராமத்திலிருந்த உஸ்தின்யாவுக்கு அனுப்பினாள். கல்யாணத் துண்டுகளுக்குக் கரை தைத்துப் பிழைத்தவள் உஸ்தின்யா. தாளில் உள்ளபடியே தைக்க வேண்டும் என்பது உத்தரவு.

உஸ்தின்யா வழக்கம்போல் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டாள். தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூள் தேய்த்தால் படம் இறங்கிவிடும். அன்று தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சிவப்பைத் தைத்து முடித்த பிறகுதான் பார்த்தாள், வலது இடதாகியிருந்தது. பிரித்தால் துணி கிழியும். மூன்று நாள் ஊசியைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மஞ்சள் வரவேண்டிய முக்கோணத்தைக் கறுப்பு நூலால் நிரப்பினாள்.

லிதியாவுக்குப் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

ஐந்து வருஷம் கழித்துப் பஞ்சம். மாஸ்கோவில் ஒரு கண்காட்சி. வேறு எதுவும் மிஞ்சாததால் லிதியா அந்தத் துணியைத் தொங்கவிட்டாள். கூட்டம் அந்தக் கறுப்பு முக்கோணத்தின் முன்னால் நின்று நகர மறுத்தது. இதைப் படைத்தவருக்குக் கலைஞர் ரேஷன் அட்டை என்றார் அதிகாரி. ஒரே அட்டை. அந்தக் குளிரில் அட்டை என்றால் உயிர்.

மகளைப் புதைத்துவிட்டு, பிழைக்க வழி தேடி மாஸ்கோ வந்திருந்த உஸ்தின்யா சேதி கேட்டு ஓடிவந்தாள்.

"கறுப்பு எதற்கு?" என்று அதிகாரி இருவரையும் கேட்டார்.

"நான் போட்டது மஞ்சள். அது இவள் செய்த பிசகு" என்றாள் லிதியா.

"கவுத்துப் போட்டது என் பிசகுதான் தோழர். கறுப்பு பிசகில்லை. சிவப்பு அந்தப் பக்கம் போனதும் துணியே சாஞ்சமாதிரி இருந்துச்சு. மஞ்சள் தாங்குமா? கரை ஒரு பக்கம் கனத்தா, எங்க ஊர்ல எதிர்ப்பக்கம் கறுப்பு வைப்போம்."

"சரி, அட்டைக்கான மனுவில் கையெழுத்துப் போடு."

"எழுதத் தெரியாதுங்களே."

அட்டை லிதியாவுக்குப் போனது.

வாசலில் லிதியா அவள் கையைப் பிடித்தாள். "பாதி ரொட்டி உனக்கு, உஸ்தின்யா. வாராவாரம் தருகிறேன்."

"உங்க ரொட்டி யாருக்கு வேணும், லிதியாம்மா? அந்தத் துணிக்குக் கீழே என் பேரையும் எழுதச் சொல்லுங்க. பேரிருந்தா நானே நாலு இடத்தில வேலை கேட்டுக்குவேன்."

"இரண்டு பெயர் என்றால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்!"

"அப்போ நீங்களே தின்னுங்க."

பன்னிரண்டாம் நாள் ரயில் நிலையப் பெஞ்சில் உஸ்தின்யா விறைத்துக் கிடந்தாள். லிதியா இன்னும் முப்பது வருஷம் இருந்தாள்.

இப்போது சொல்லுங்கள். பெயரைத் தராமல் ரொட்டி தர வந்தவள், ரொட்டியைத் தள்ளிவிட்டுப் பெயர் கேட்டவள். இதில் யார் செய்தது சரி? அந்தத் துணி யாருடையது?

விடை: துணி இருவருடையதும்தான். வடிவம் லிதியாவுடையது. ஆனால் ஊர் நின்று பார்த்த கறுப்பு தன்னுடையதில்லை என்று அவளே வாயால் சொல்லிவிட்டாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உஸ்தின்யா கேட்டது நியாயம். பசியில் அட்டையை வாங்கியதற்காக லிதியாவை நான் திட்டமாட்டேன், வயிறு யாருக்கும் ஒன்றுதான். பஞ்சம் தீர்ந்த பிறகும் முப்பது வருஷம் வாயைத் திறக்கவில்லையே, அதுதான் குற்றம். அவளும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருப்பவர் நீங்கள்தான், அருங்காட்சியகத்தாரே. உங்களை யாரும் பட்டினி போடப்போவதில்லை, எந்த அட்டையும் பறிபோகாது. இன்னும் எதற்குத் தயங்குகிறீர்கள்? பேனாவை எடுங்கள். உஸ்தின்யா என்று எழுதுங்கள்!