பின்பாரம்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. மாடுகள் தங்களுக்கு வேண்டிய வண்டியைத் தாங்களே போய் வாங்கின. புல்லையும் மற்றவர்களைப் போல ஒரே தடவை மென்று விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போகும்.

மேட்டுக்காட்டு மந்தையில் செவலை, மயிலை என்று இரண்டு எருதுகள் இருந்தன. அண்ணன் தம்பி. மூத்ததான செவலை மந்தைக்கே நாட்டாமை போல நடந்துகொள்ளும். யாரும் நியமித்ததாகத் தெரியவில்லை. அந்த வருடம் மழை பொய்த்தது. கன்றுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் வைக்கோல் கிடந்தது. அதைக் கொண்டுவராவிட்டால் கன்றுகள் பிழைக்காது.

ஆகவே இரண்டும் வண்டி வாங்க மரங்கொத்தி ஆசாரியிடம் போயின. மந்தையில் அதுவரை யாரும் வண்டி வாங்கியதில்லை. மரங்கொத்தி நல்ல வேலைக்காரன்தான், ஆனால் மரத்தைக் கொத்துகிற வேகத்திலேயே பேசும். அச்சு தாங்குகிற பாரம் வேறு, நீங்கள் இழுக்கிற பாரம் வேறு, இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு என்றது. வெறும் வண்டிக்கே எடை உண்டு, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. செவலை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டியது. முதல்முதலாக வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆட்டுகிறார்கள்.

“முக்கியமா ஒண்ணு. முன்பாரம் கொஞ்சம் இருக்கட்டும். பின்பாரம் மட்டும் ஆகவே ஆகாது,” என்றது மரங்கொத்தி.

“பின்பாரம்னா என்ன அண்ணே?” என்று மயிலை செவலையிடம் மெதுவாகக் கேட்டது.

பின்னால் இரண்டு கழுதைகளும் ஓர் ஒட்டகமும் வண்டி வாங்க நின்றுகொண்டிருந்தன. அவை பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெரியாது என்று சொல்லச் செவலைக்கு மனம் வரவில்லை. “எனக்குத் தெரியும், வாடா,” என்று சொல்லி, கேட்ட சொல்லை அப்படியே விழுங்கியது.

வழியில் யோசித்து, அதுவாகவே ஒரு பொருளும் கண்டுபிடித்தது. முன்பாரம் என்றால் முன்கூட்டியே ஏற்றுவது. பின்பாரம் என்றால் பின்னால், போகிற வழியில் ஏற்றுவது. தன் கெட்டிக்காரத்தனம் அதற்கே பிடித்துப்போனது.

மலைக்கு அந்தப் பக்கம் வைக்கோலை ஏற்றிக் கொடுத்தவை குரங்குகள். எல்லாவற்றையும் இப்போதே ஏற்றிவிடுங்கள், வழியில் ஒரு துரும்பும் ஏற்றக் கூடாது என்று செவலை கண்டிப்பாகச் சொன்னது. குரங்குகளுக்கு வண்டியின் வால்பக்கம் எட்டியது, அங்கேயே குவித்தன. நுகம் கழுத்தில் உட்காராமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கழுத்தில் பாரமே இல்லை என்று செவலை மகிழ்ந்தது. நுகத்தோடு கழுத்தைப் பிணைத்த பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்குகிறது என்று மயிலை சொன்னபோது, புதுக்கயிறு அப்படித்தான் இருக்கும், போகப்போகத் தளரும் என்றது.

மலையேற்றத்தில் வண்டியின் வால் தரையில் இறங்கியது. நுகம் ஆகாயத்துக்கு எழும்பியது. செவலையின் கயிறு முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. மயிலையின் கயிறு அவிழவில்லை. அது மயிலையைக் கழுத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டது. குரங்குகள் ஓடிவந்து கயிற்றைக் கடித்து அறுப்பதற்குள் மயிலை இறந்துவிட்டது.

மந்தை மலையேறி வந்து, வைக்கோலை வாயில் கவ்விக் கவ்வி எடுத்துப் போனது. கன்றுகள் பிழைத்தன. செவலை மட்டும் மரங்கொத்தியிடம் திரும்பிப் போய், பின்பாரம் என்றால் என்னவென்று கேட்டது.

“பின்பக்கம் கனத்துப்போறது. முன்னாடி தூக்கிக்கும், மாட்டுக் கழுத்தை நெரிச்சிடும்,” என்றது மரங்கொத்தி. “அன்னிக்குக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே.”

செவலை மந்தைக்குத் திரும்பியது. ஒரு வேலமர நிழலில் போய்ப் படுத்தது. காலையில் அரைகுறையாக மென்று விழுங்கிய புல், தொண்டை வழியாக மேலே வந்தது. அதனோடு அன்று விழுங்கிய சொல்லும் வந்தது. செவலை அதை அசை அசையாகப் பிரித்து மென்றது. மறுபடி விழுங்கினால் மறுபடி வந்தது. மந்தையில் மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் படுத்து மெல்லத் தொடங்கின. கேட்காமல் விழுங்கியது அவற்றுக்கும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

அன்று முதல்தான் மாடு இரையை அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசைபோடுகிறது. இப்போது அதற்கு எல்லாம் புரிகிறது. சொல்லத்தான் வாய் ஒழிவதில்லை.