நூறு கஜத்துக்கு ஒரு குழல்

வெள்ளெருக்கம்பாளையத்தில் புத்திக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. எடுத்துச் செலவழித்தால்தானே பஞ்சம் வரும்!

அந்த ஊரில் ஒரு துப்பாக்கிச் சங்கம் இருந்தது. மேசைமேல் மணல்மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, நூறு கஜம் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடுவார்கள். யாருடைய ஐந்து குண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகிறதோ, அவர்களுக்குக் கோப்பை. சங்கத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர் சென்னியப்பர். மேசை தூக்குவது குப்பண்ணன். சுடுவது தெய்வாத்தாள், ஒரு கண்ணை மூடினால் இன்னொரு கண் கூடவே மூடிக்கொள்ளாத ஆள் ஊரில் அவள் ஒருத்திதான். செயலாளர் நாச்சிமுத்து, நாலு பேரில் தாம் ஒருவர்தான் புத்திசாலி என்று நம்பியவர். மற்ற மூன்று பேரும் அப்படித்தான் நம்பினார்கள், அவரவரைப் பற்றி.

போன வருஷப் போட்டியில் இவர்களுடைய அட்டை ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. கோப்பை சூரிபாளையத்துக்குப் போய்விட்டது. அந்த அணியின் தலைவன் கந்தப்பன், நாச்சிமுத்துவின் மனைவிக்குத் தம்பி. அன்றிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும், இலை போடுவதற்கு முன்னால் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஏனுங் மாமா, அந்த அட்டைய வெச்சிருக்கீங்களா? பையன் படம் வரையோணும்ங்கறான்."

நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்காது. போதாக்குறைக்கு ஊர்க்காரர்களும் சொல்லிவிட்டார்கள்: இந்த வருஷமும் அட்டையில் ஓட்டை விழவில்லை என்றால், சுடுகிற மைதானம் கபடிக்காரர்களுக்கு.

ஆகவே அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனார். துப்பாக்கிக் கடைக்காரர் அருளானந்தம் குழலுக்குள் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உள்ள தேஞ்சு போச்சுங்க. புதுக் குழல்தான் போடணும். நீளமா இருந்தா குண்டு கொஞ்சம் வேகமாப் போகும். குட்டையா இருந்தா குழல் விறைப்பா நிக்கும், துடிக்காது. எது வேணும்னு கலந்து பேசி அளவை அனுப்புங்க. இன்னொண்ணு, சுடும்போது மூச்சு விடாதீங்க."

நாச்சிமுத்து ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு, துப்பாக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அன்று சாயங்காலமே சங்கம் கூடியது.

சென்னியப்பர் மீசையைத் தடவினார். "குண்டு எப்பப்பா வழி தவறுது?"

"சுட்டதுக்கு அப்பறம்" என்றாள் தெய்வாத்தாள்.

"இல்ல. குழலை விட்டு வெளிய வந்ததுக்கு அப்பறம். உள்ள இருக்கறவரைக்கும் அது எங்க போயிரும்? அட்டை நூறு கஜம். குழலும் நூறு கஜம் இருந்தா, குண்டு வெளிய எட்டிப் பாக்கறப்பவே அட்டை எதிர்ல நிக்கும்."

இதை மறுக்க யாரால் முடியும்?

"அப்ப மேசை?" என்றார் குப்பண்ணன் கவலையோடு. தூக்குகிறவருக்குத்தானே தெரியும்.

"மேசையும் நூறு கஜம்."

"நானு எந்தக் கோடியில உக்காரட்டும்?" என்று கேட்டாள் தெய்வாத்தாள். "இந்தக் கோடின்னா அட்டை தெரியாது. அந்தக் கோடின்னா விசை எட்டாது."

"நீ எதுக்கு அட்டையப் பாக்கோணும்? குழல் பாத்துக்கும்."

நாச்சிமுத்துவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கடைக்காரரு குட்டையும் நல்லதுன்னாருங்க. நீளம்னா வேகம், குட்டைன்னா விறைப்பு. நமக்கு ரெண்டும் வேணுமே?"

ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் யோசித்துவிட்டு, வழியையும் அவரே கண்டுபிடித்தார். "நீளமாவே வாங்கிக்கலாமுங்க. ஒவ்வொருக்கா சுட்டதும் கொஞ்சம் அறுத்துரலாம். வேகத்துக்கு வேகமுமாச்சு, விறைப்புக்கு விறைப்புமாச்சு."

சென்னியப்பர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

கடைக்காரர் அளவை அனுப்பச் சொல்லியிருந்தாரே? மறுநாள் மேசையிலிருந்து அட்டைவரை கயிறு பிடித்து, நூறு கஜத்தில் வெட்டி, சுருட்டி மூட்டை கட்டி, கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அருளானந்தம் மூட்டையைப் பிரித்தார். காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கயிறுதான் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தமக்குத் தெரிந்தபடி நல்ல கனமான இருபத்தாறு அங்குலக் குழல் ஒன்றைத் துப்பாக்கியில் பொருத்தி, அந்தக் கயிற்றாலேயே சுற்றிக் கட்டி அனுப்பிவைத்தார்.

குழலைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்குத் திக்கென்றது. "நூறு கஜம் அனுப்புனோமே, இத்தனூண்டு வந்திருக்குது!"

குப்பண்ணன் வானத்தைப் பார்த்தார். "நேத்து மழைங்க. கயிறு நனைஞ்சா சுருங்குமில்ல? சுருங்குன கயித்தை வெச்சு அளந்திருப்பாரு. அந்த மனுசன் மேல என்ன தப்பு?"

போட்டி நாள் வந்தது. மைதானத்தில் எட்டு ஊர் அணிகள். பக்கத்து மேசையில் கந்தப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அட்டைய இந்தத் தடவையும் பத்திரமாக் கொண்டுபோங்க" என்றான். அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவின் காது சிவந்துபோனது.

தெய்வாத்தாள் உட்கார்ந்தாள். "மூச்சு விடாதீங்க!" என்று நாச்சிமுத்து உத்தரவு போட்டார். கடைக்காரர் சுடுகிறவளுக்கு மட்டும் சொன்னாரா, சங்கத்துக்கே சொன்னாரா? எதற்கு வம்பு என்று நாலு பேரும் மூச்சை அடக்கினார்கள்.

தெய்வாத்தாள் நிதானக்காரி. குறி பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். குப்பண்ணனுக்குக் கண் பிதுங்கியது. நாச்சிமுத்துவுக்கு வானம் மஞ்சளாகத் தெரிந்தது. கடைசியில் சென்னியப்பர், வெட்டிய வாழைமரம்போல மேசைமேல் சாய்ந்தார். மேசை குலுங்கியது. துப்பாக்கி வெடித்தது.

அட்டையின் நட்டநடுவில் ஒரு ஓட்டை.

தண்ணீர் தெளித்துச் சென்னியப்பரை எழுப்பினார்கள். கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குப்பண்ணா, ரம்பத்தை எடு" என்றார்.

குப்பண்ணன் குழலின் நுனியில் ஐந்து அங்குலம் அளந்து அறுக்க ஆரம்பித்தார். நடுவர் ஓடி வந்து, "என்ன பண்றீங்க!" என்று அலறினார்.

"விறைப்புப் பண்றமுங்க" என்றார் நாச்சிமுத்து.

நடுவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். குழலை அறுக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. மற்ற அணிகள் சுட்டு முடித்து, சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது குப்பண்ணன் இரண்டாவது துண்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குண்டு அட்டைக்கு மேலே பறந்து பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தது. மூன்றாவது அதே மேட்டின் இடது கோடியில். நாலாவது வலது கோடியில். ஐந்தாவது சுடும்போது குழல் ஆறே அங்குலம். வெடித்த சத்தத்தில் நாலு பேருக்கும் காது அடைத்துக்கொண்டது. அந்தக் குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை.

நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு குண்டு வீண். கந்தப்பனின் முகத்தில் எப்படி விழிப்பது?

நடுவர் அட்டையைக் கையில் வாங்கினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெடித்தது ஐந்து தடவை. அட்டையில் இருப்பது ஒரே ஓட்டை.

"அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில! என் ஆயுசுல பாத்ததில்லை!"

நாச்சிமுத்து நேர்மையான மனிதர். "இல்லீங்க, ஒண்ணுதான் பட்டது" என்றார்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று நடுவர் கண்கலங்கி, கோப்பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. காது அடைத்திருந்ததால் நாலு பேரும் உரக்கப் பேசச் சொன்னார்கள். நடுவர் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்:

"இது சுழற்கோப்பைங்க! அடுத்த போட்டிவரைக்கும் உங்க ஊர்லதான் இருக்கும்! பத்திரம்!"

பத்து நாள் கழித்துக் கந்தப்பன் தட்டு நிறையப் பழமும் பூவுமாக அக்கா வீட்டுக்கு வந்தான். கிண்டலெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாச்சிமுத்து வாசலில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே கோப்பை. வலது கையால் அதை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தார். இடது பக்கம் நின்று அக்கா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றான் கந்தப்பன் பவ்வியமாக, "குழல் எத்தனை அங்குலம்னு எனக்கு மட்டும் சொல்லுங்க."

"பேச்சுக் குடுக்காதே மாப்ள, சுத்து நின்னு போயிரும்" என்றார் நாச்சிமுத்து, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆறு மணிக்குக் குப்பண்ணன் கை மாத்த வருவாரு. இன்னும் பதினொரு மாசம் இருபது நாள் இருக்குது!"