ஐந்தாவது இலை

"ஆசானே, இந்தத் தடவை நாங்க புகை போட மாட்டோம்."

சங்குமேட்டுத் தலைவி செம்பவளம் படகை விட்டு இறங்கவில்லை. கரைக்கு ஒரு கயிற்று நீளம் தள்ளியே நங்கூரம் போட்டு, அங்கே நின்றபடி கத்தினாள்.

ஆசான் மணலில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்று அவருடைய தீவில் ஐந்து துறைக்காரர்களும் கூடுகிற நாள். கடல் வழியாகக் கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்று பேச வருஷத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். பேச்சு எப்படியோ, சாப்பாடு பிரமாதமாக இருக்கும்.

"எத்தனை பேருக்கு வந்திருக்கு, அக்கா?" என்றார் ஆசான்.

செம்பவளம் அவருக்குச் சீடப்பிள்ளைதான். ஆனால் அவரைவிட மூத்தவள். அதனால் அவர் அக்கா என்பார், அவள் ஆசானே என்பாள். யாருக்கும் அதில் குறையில்லை.

"காய்ச்சல் வந்திருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"படகை விட்டு இறங்கலையே."



"ரெண்டு பேருக்கு. சங்கு குளிக்கிறவங்க. பத்து நாளைக்கு முன்ன வந்த கப்பல்ல சரக்கு இறக்கப் போனவங்க. உடம்பெல்லாம் கொப்புளம்."

எங்கள் சங்குமேடு கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற ஊர். எந்தத் தேசத்துக் கப்பலும் முதலில் எங்களிடம்தான் வரும். எந்தத் தேசத்து நோயும் அப்படித்தான். நோய் தெரிந்தவுடன் கடற்கரையில் பச்சைப் பாசியைப் போட்டு எரிப்போம். கறுத்த புகை மேலே போகும். மற்ற நாலு துறைக்காரர்களும் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகுட்டிகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். இதுதான் வழக்கம்.

"போன தடவை புகை போட்டோமே, என்ன கிடைச்சுது?" என்றாள் செம்பவளம். "அன்னைக்கே அரிசிப் படகை நிறுத்தினாங்க. எங்க மீனைத் தொட ஆளில்லை. ஆனா எங்க கொப்புளத்து நீரு மட்டும் வேணும்னு குப்பியைத் தூக்கிட்டு வந்தாங்க. கொடுத்தோம். அதை வெச்சுத்தானே பொன்வாயில் துறையில மருந்து காய்ச்சினாங்க?"

"ஆமா."

"அவங்க குடிச்சாங்க. அவங்க மருந்துக் கிட்டங்கியும் நிறைஞ்சுது. அப்புறம் எங்களுக்கு ஒரு படகு வந்துது, தோரணம் கட்டிக்கிட்டு, மேளத்தோட. வரிசையில நிக்க வெச்சு, கையை நீட்டச் சொல்லி ஊத்தினாங்க. அதுக்குள்ள என் தம்பி இருளப்பனைப் புதைச்சு, அந்த மண்ணும் காஞ்சு போச்சு."

ஆசான் கத்தியைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

"மருந்துல எங்களுக்கும் சரிபங்குன்னு முதல்ல வாக்குக் கொடுக்கட்டும். அப்புறம் புகை."

"கொடுக்கலைன்னா?"

"போட மாட்டோம். அவங்களும் படட்டும்."

"பொன்வாயில்ல ஒரு வளையல்காரி உங்ககிட்டச் சங்கு வாங்குவாளே, அவ பேரென்ன?"

"பொன்னீலியா? அவ தங்கமான பொம்பளையாச்சே. இருளப்பன் செத்தப்ப யாருக்கும் தெரியாம ஒரு மூட்டை அரிசி கொண்டாந்து..."

செம்பவளம் திரும்பிப் பொன்வாயில் இருந்த திசையைப் பார்த்தாள்.

ஆசான் மறுபடி கத்தியை எடுத்தார். பூசணிக்காயின் குடலை வழித்துப் போட்டார்.

"மத்தியானம் பந்திக்கு வாங்க, அக்கா. தண்ணி ஓரத்துப் பாறையில உங்களுக்குத் தனியா இலை போடுறேன். நான் ஒரு வேலை வெச்சிருக்கேன். அது முடியுற வரைக்கும் காய்ச்சலைப் பத்தி வாயே திறக்காதீங்க. அவங்க வாயாலேயே வாக்கை வாங்கித் தரேன். அதுக்கப்புறம் சொல்லுங்க."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நங்கூரத்தைத் தூக்கினாள். படகு போன வேகத்தைப் பார்த்தால் கோபமாகப் போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மத்தியானம் நாலு துறைத் தலைவர்களும் வந்து சேர்ந்தார்கள். பொன்வாயில் தலைவர் குணசீலர் தலையில் பட்டு உருமால் கட்டியிருந்தார். கெட்டவர் இல்லை, சொல்லிவிடுகிறேன். தன் ஊரைத் தவிர வேறு ஊர் அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தென்னந்தோப்புக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். வரிசையின் கோடியில், தண்ணீர் ஓரத்துப் பாறைமேல் ஐந்தாவது இலை. அதற்கு எதிரே செம்பவளத்தின் படகு வந்து நின்றது.

"செம்பவளம் ஏன் படகுலயே நிக்குறா?" என்றார் குணசீலர்.

"அங்க காத்து நல்லா வருதாம்," என்றார் ஆசான்.

பரிமாற ஆரம்பித்தார். உப்பு, பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், அப்பளம், ஆவி பறக்கும் சோறு, அதன்மேல் பருப்பு, நெய். நாலு இலையும் நிறைந்தது.

பாறைப் பக்கம் அவர் போகவே இல்லை. சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிடுங்க."

யாரும் கை வைக்கவில்லை.

"ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

உப்பளத்துறைத் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த இலை காலியா இருக்கே, ஆசானே."

"இருக்கட்டும். நீங்க சாப்பிட்டு, மறுசோறும் வாங்கி, அப்புறம் மிஞ்சினா அங்க போடுறேன்."

குணசீலருக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"என்ன ஆசானே, எங்களை யாருன்னு நெனச்சீங்க? ஒரு இலை காலியா கிடக்கும்போது சோத்துல கை வைக்கிறவன் மனுஷனா? எங்க வீட்டுக் குழந்தைக்குக்கூட இது தெரியுமே!"

ஆசான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காலையிலிருந்து பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மருந்தைப் பற்றிய அடுத்த கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார்.

"எங்க ஊர்ல காய்ச்சல் வந்திருக்கு," என்றாள் செம்பவளம்.

"அக்கா!" என்றார் ஆசான்.

அவர் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு பேருக்கு. கொப்புளக் காய்ச்சல். பத்து நாளைக்கு முன்ன வந்த கப்பல்ல இருந்து."

நாலு பேரும் இலையை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்க. பயப்படாதீங்க. நான் கரையில காலே வைக்கலை. எதையும் தொடலை. உங்க உசுரோட அருமை எனக்கும் தெரியும்."

"இதைச் சாப்பிட்டப்புறம் சொல்லக் கூடாதா?" என்றார் உப்பளத்துறைக்காரர். பாவம், அவருக்குப் பசி.

"என் இலையில சோறு விழுந்தப்புறம் சொன்னா, சோத்துக்காகச் சொன்னான்னு நாளைக்கு ஒரு வாய் பேசும். எங்க ஊருக்கு அந்தப் பேச்சு வேண்டாம்."

"புகை?" என்றார் குணசீலர். "புகை எப்பப் போடப் போறே?"

"திரும்பிப் பாருங்க."

திரும்பினார்கள். தென்னை மரங்களுக்கு மேலே, மேற்கே, எங்கள் ஊர்ப் புகை எழுந்து நின்றது. நல்ல கனமான புகை. ஐந்து துறைக்கும் தெரிகிற புகை. இதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டுமே, எங்கள் ஊர்க்காரி போட்ட புகை.

ஆசானும் பார்த்தார். பாத்திரம் அவர் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டார்.

"எப்போ போட்டீங்க?"

"காலையில இங்க இருந்து போன கையோட தீ வெச்சாச்சு. ஈரப் பாசி, புகை இப்பத்தான் மேல வருது. பொன்னீலி இருக்கா, அவ மாதிரி இன்னும் எத்தனையோ பேரு. அவங்க உசுரை நான் பணயம் வைக்கிறதா? சீ!"

குணசீலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகையையும் போட்டுட்டே. இனி உன் கையில என்ன இருக்கு? எதை வெச்சு எங்ககிட்டப் பேரம் பேசப் போறே?"

"பேரம் பேச வரலையே. பங்கு கேக்க வந்தேன்."

"மருந்து அனுப்பாமலா விட்டோம்? போன தடவை ஒரு படகு நிறைய..."

"அனுப்பினீங்க, குணசீலரே. உங்க கிட்டங்கி நிறைஞ்சப்புறம். அந்த மருந்துக்கு முதல் நீரு யார் உடம்புல எடுத்தீங்க தெரியுமா? என் தம்பி இருளப்பன் உடம்புல. மருந்து வந்தப்ப அவன் இல்லை."

குணசீலர் உருமாலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இருளப்பன் கதை அவருக்கு அதுவரை தெரியாது.

"எங்க ஊர்லயும் பிள்ளைங்க இருக்காங்க, செம்பவளம். தலைவன்னு இருக்கிறவன் முதல்ல அவங்களைப் பார்க்க வேண்டாமா?"

"நல்லாப் பாருங்க. எங்க பிள்ளைங்க குடிக்கிற அன்னைக்கே அவங்களும் குடிக்கட்டும். ஒரு நாள் முந்தி வேண்டாம். எங்களுக்கும் ஒரு நாள் முந்தி வேண்டாம். மருந்து காய்ச்சுற இடத்துல எங்க ஆளுங்களும் நின்னு காய்ச்சணும், கத்துக்கணும். புகை போட்ட ஊருக்கு அரிசிப் படகு நிக்கக் கூடாது. கரைக்கு வர வேண்டாம், தள்ளியே நின்னு மூட்டையை இறக்குங்க, நாங்க எடுத்துக்கிறோம். இவ்வளவுதான்."

"நாங்க முடியாதுன்னு சொன்னா?"

"அடுத்த தடவையும் புகை போடுவோம். கொப்புள நீரும் கொடுப்போம். எங்க புத்தி எங்களோட. நீங்க என்ன செய்வீங்கங்கிறதை நீங்கதான் சொல்லணும்."

 அப்பளம் நமுத்துப்போனது. குணசீலர் தன் இலையைப் பார்த்தார். நெய் உறைந்திருந்தது. பிறகு பாறைமேல் இருந்த இலையைப் பார்த்தார். அதில் வெயில் மட்டும்தான் இருந்தது.

எழுந்தார். நேராக ஆசானிடம் போய்ச் சோற்றுப் பாத்திரத்தை வாங்கினார். ஆசான் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஒரே நாள்," என்றார் குணசீலர், மற்ற மூன்று பேருக்கும் கேட்கும்படி. "அஞ்சு துறைக்கும் மருந்து ஒரே நாள்ல போகும். எங்க மருந்துச்சாலையில சங்குமேட்டு ஆளுங்க நிப்பாங்க. அரிசிப் படகு நிக்காது. இது பொன்வாயில் பேச்சு."

"உப்பளத்துறைக்கும் அதே பேச்சுத்தான்," என்றார் உப்பளத்துறைக்காரர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

குணசீலர் பாறைக்கு நடந்தார். வேட்டி நனைவதைப் பார்க்கவில்லை. குனிந்து, ஐந்தாவது இலையில் ஓர் அகப்பை சோறு வைத்தார். மனசு கேட்காமல் இரண்டாவது அகப்பையையும் முட்ட முட்ட அள்ளினார்.

செம்பவளம் படகிலிருந்தே உள்ளங்கையைக் காட்டினாள்.

"போதும்."

"நிறைய இருக்கு, வாங்கிக்குங்க அம்மா."

"உங்க இலையில எவ்வளவோ, அவ்வளவு போதும்."

இரண்டாவது அகப்பைச் சோறு பாத்திரத்துக்கே திரும்பிப் போனது. குணசீலர் மற்றதையும் அளவாக வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவர் தள்ளிப் போன பிறகு செம்பவளம் படகைப் பாறையோடு அணைத்தாள். கடல் தண்ணீரில் கை கழுவினாள். படகிலேயே இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, வரிசை நெடுகப் பார்த்தாள்.

நாலு துறைத் தலைவர்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"ம், ஆகட்டும்," என்றாள் எங்கள் செம்பவளம். "எல்லாரும் கை வைங்க."