ராஜா எழுந்தால்தான் விடியல்

முன்னொரு காலத்தில் தேன்மலை நாட்டைச் சிங்கவேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், தூக்கத்தில் மட்டும் கும்பகர்ணனுக்கு அண்ணன்.

அவன் ஊரில் மந்திரி தேனப்பர் ஒரு மணிக்கூண்டு கட்டியிருந்தார். அடடா, என்ன மூளை அந்த மனிதருக்கு! உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதில் ஊசித்துளை போட்ட செப்பு வட்டில் மிதக்கும். துளை வழியே தண்ணீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே மணி அடிப்பார்கள். விடியலில் முதல் மணி கேட்டதும் வாய்க்கால் மடை திறக்கும். பிறகு ஒவ்வொரு மணியோசைக்கும் ஓர் ஊராக முறைத்தண்ணீர் பாயும். அரண்மனையில் இலை போடுவதும் அந்த மணிக்குத்தான்.

ஒருநாள் ராஜா சபைக்குத் தாமதமாக வர, யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மந்திரியின் பெயரைக் கேட்டாலே வயிறெரியும் உத்தண்டன் என்ற பிரதானிக்கு அது போதாதா?

"மகாராஜா, தங்களை முந்திக்கொண்டு மணி அடிக்கலாமா? தாங்கள் கண் விழித்தால்தானே நாட்டுக்கு விடியல்!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "இனி நான் எழுந்த பிறகே முதல் மணி. யாராவது மறுத்துப் பேசினால் கூண்டையே இடித்துவிடுவேன்!"

சில நாளில் கடைமடை ஊர்க்காரி சடைச்சி மந்திரியிடம் ஓடிவந்தாள். "சாமி, எங்க முறை வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சு மடையைச் சாத்திடுறாங்க. நாத்து கருகுது. புள்ளைங்களுக்கு என்னத்தைப் போடுவேன்?"

தேனப்பருக்கு மனசு பொறுக்கவில்லை. நேராகப் போய்ச் சொன்னால் கூண்டு போய்விடும். அதனால் சமையல்காரரிடம் போய், "இத்தனை நாள் சூரியனைப் பார்த்து இலை போட்டாய். நாளை ராஜாவின் ஆணைப்படி மணியைக் கேட்டே போடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ராஜா உச்சிவெயிலில் எழுந்தான். முதல் மணி அடித்தது. குளித்துவிட்டு, உத்தண்டனையும் பக்கத்தில் அழைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தான். இலையில் ஒன்றுமில்லை.

"சோறு எங்கே?"

"இப்போதுதானே விடிந்தது மகாராஜா!" என்றார் அருகில் நின்ற தேனப்பர். "மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் பதினைந்து நாழிகை இருக்கிறது."

"இருட்டிவிடுமே ஐயா! சூரியன் தலைக்கு மேல் நிற்பது தெரியவில்லையா?"

"தங்கள் ஆணை அதன் காதில் விழவில்லை போலிருக்கிறது."

ராஜா உத்தண்டனைப் பார்த்தான். "நீ சொல்லு, இது விடியலா?"

"வி... விடியலேதான், மகாராஜா" என்றான் உத்தண்டன். அந்த நேரம் பார்த்து அவன் வயிறு கடகடவென்று உருண்டது. பந்தியே சிரித்தது, பசியோடு ராஜாவும் சிரித்துவிட்டான்.

தேனப்பர் சிரிக்கவில்லை. "ஒரு வேளைக்கே தங்களுக்குத் தாங்கவில்லை. கடைமடை வயல் பல நாளாகப் பட்டினி கிடக்கிறது, மகாராஜா."

ராஜா தலை குனிந்தான். மந்திரியிடம் முறையிட்ட சடைச்சியைக் கூப்பிட்டுக் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் முழுவதையும் கடைமடைக்கே விடச் சொன்னான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"உத்தண்டா, இனி தினமும் கூண்டில் ஏறி விடியல் மணியை நீதான் அடிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் நான் எழுவேன்."

அறுவடை முடிந்ததும் சடைச்சி புது அரிசிக் கஞ்சியோடு கூண்டடிக்கு வந்தாள். மந்திரி, ராஜா யாரையும் தேடவில்லை. மூச்சு வாங்க இறங்கிவந்த உத்தண்டனிடம் முதல் கலயத்தை நீட்டினாள்.

"மணி அடிச்ச கை. குடிங்க சாமி."

உத்தண்டன் நிமிர்ந்து பார்க்காமலே குடித்தான்.