மிகவும் பயனுள்ளது

விளையாட்டு விடுதியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் டிரெய்னர் மாசிலாமணி. மூன்று ஆண்டுகளில் ஏழு புத்தாக்கப் பயிற்சிகளுக்குப் போய்வந்திருந்தான். எட்டாவதற்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் அன்று.

நீளம் தாண்டும் தெரசா, கணுக்காலில் அறைத்தோழி போட்டுவிட்ட கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள். நான்கு நாளில் அவளுக்கு மாநிலத் தேர்வு.

“சார், இந்தத் தடவை ஐஸ் வைக்கணுமா, கூடாதா?”

அவனிடம் ஒரு பயிற்சியில் வை என்றார்கள். அடுத்ததில் வைக்காதே என்றார்கள். இரண்டுக்கும் சான்றிதழ் வைத்திருந்தான்.

அவளையும் அழைத்துக்கொண்டு தலைமை டிரெய்னர் ரெஜினாவிடம் போனான்.

“மேடம், இந்தப் பயிற்சிகளால உண்மையிலேயே பயன் இருக்கா?”

“முடிவுல கருத்துப் படிவம் தருவாங்களே. அதுல என்ன போட்டீங்க?”

“ஏழு தடவையும் ‘மிகவும் பயனுள்ளது.’ அதைக் கொடுத்தாத்தானே சான்றிதழ் தர்றாங்க.”

ரெஜினா மேசைக்குள்ளிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துத் தெரசாவிடம் நீட்டினார்.

“நீ போடு.”

“நான் அங்க போகவே இல்லையே மேடம்.”

“உன் காலுக்காகத்தானே இவர் போனாரு.”

தெரசா பேனாவைக் கடித்தாள். “போன வருஷம் சார் ஐஸ் வைக்கச் சொன்னாரு, சரியாயிடுச்சு. தை மாசம் வைக்காதேன்னாரு. அப்பவும் சரியாயிடுச்சு. நான் எதுல டிக் போட?”



“ரெண்டு தடவையும் வேற என்ன செஞ்சாரு?” என்றார் ரெஜினா.

“காலையிலயும் சாயங்காலமும் வந்து நிப்பாரு. கட்டை அவிழ்த்து, ரெண்டு காலையும் சேர்த்து வச்சு வீக்கம் பார்த்து, நோட்டுல எழுதிக்குவாரு. ஞாயித்துக்கிழமைகூட தூங்க விடல மேடம்.”

ரெஜினா அவன் பக்கம் திரும்பினார். “இது எந்தப் பயிற்சியில சொன்னது?”

அவன் யோசித்தான். “முதல் பயிற்சி. ஆனா வகுப்புல இல்ல. படிவத்தைக் கொடுத்துட்டு பஸ்ஸுக்கு நிக்கும்போது, பாடம் எடுத்தவர் பேச்சோட பேச்சா சொன்னாரு.”

“அப்ப பயன் இருக்கா, இல்லையா?” என்றாள் தெரசா.

அவன் ரெஜினாவிடம் திரும்பினான். “எட்டாவதுக்குப் பெயர் கொடுக்கவா, வேண்டாமா மேடம்?”

“அதுக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு,” என்றார் ரெஜினா. “இவ கட்டை நீங்க இன்னும் அவிழ்க்கல.”