முதல் ஐந்து குண்டுகள்

கலெக்டர் ஆபீசிலிருந்து லைசென்ஸ் கைக்கு வந்ததிலிருந்து பொற்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை.

காட்டூரில் இட்லி மாவுக் கடை வைத்திருப்பவள் அவள். வயது நாற்பத்தொன்று. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ரைபிள் சுட்டிருக்கிறாள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், கிரைண்டர் என்று காலம் ஓடிவிட்டது. மாத்தூர் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மாவு கொடுக்கப் போன ஒருநாள், மதிலுக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு ஸ்கூட்டியை நிறுத்தினாள். உள்ளே ஒரு ரைபிள் கிளப் இருந்தது. அன்றைக்கு நிறுத்திய ஸ்கூட்டியை இவள் இன்னும் எடுக்கவே இல்லை என்று அவள் கணவர் மகாலிங்கம் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கிளப்பில் பயிற்சி கொடுப்பவள் நஸ்ரீன். நாட்டுக்காகப் போட்டிகளில் சுட்டவள். வயது இருபத்தொன்பதுதான். மற்றவர்களுக்கு அவள் 'கோச்'. பொற்கொடி மட்டும் 'மாஸ்டர்' என்பாள். நஸ்ரீன் பொற்கொடியை 'அக்கா' என்பாள். சிஷ்யை மூத்தவள், குரு இளையவள். இருவருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

நஸ்ரீனிடம் கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. சுடும்போது மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு, ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னவள் அவள்.

மூன்று வருஷமாகப் பொற்கொடி கிளப் துப்பாக்கியில்தான் சுட்டுவந்தாள். பலர் கைபட்ட பொதுத் துப்பாக்கி அது. எவ்வளவு கவனமாகக் குறி வைத்தாலும் அவள் குண்டுகள் கொஞ்சம் கீழே, இடப்பக்கமாகத்தான் போய் விழும். போன வருஷம் ஒரே ஒரு புள்ளியில் மாநிலப் போட்டி கைநழுவிப் போனது.

"அதோட பிறவிக் குணம் அப்படி. எனக்குன்னு ஒண்ணு இருந்தா இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது லைசென்ஸ் வந்திருக்கிறது. அடுத்த மாநிலப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை துப்பாக்கிக் கடை சூசைராஜ் கிளப்புக்கு வந்தார். கிளப்புக்கு வேண்டிய குண்டுப் பெட்டிகளோடு, பொற்கொடி சுட்டுப் பார்ப்பதற்காக இரண்டு கைத்துப்பாக்கிகளையும் கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒரே வகை. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்று புத்தம் புதுசு. மைக்கறுப்பில் வழுவழுவென்று இருந்தது. இன்னொன்று கரூரில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி வைத்திருந்தது. கறுப்பு அங்கங்கே போய் இரும்பு வெளுத்திருந்தது. மரப்பிடி வேறு யாரோ ஒருவருடைய உள்ளங்கைக்கு இழைத்த மாதிரி உப்பியிருந்தது.

"அம்மா, புதுசுக்கு மதுரையில ஒரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கு. மத்தியானம் நான் கிளம்பணும். நீங்க சரின்னா இங்கேயே முடிச்சிடலாம்," என்றார் சூசைராஜ்.

பொற்கொடியின் கண் புதுசை விட்டு அகலவே இல்லை.

"மாஸ்டர், எதை வாங்கட்டும்?"

"சுடுங்க," என்றாள் நஸ்ரீன்.

காதுக்கு அடைப்பு மாட்டிக்கொண்டு பொற்கொடி நின்றாள். புதுசின் மேகசினில், குண்டு அடைக்கும் கூட்டில், ஐந்து குண்டுகள். கையை உயர்த்தினாள். விசை எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. மெல்ல மெல்ல இழுத்தாள். திடீரென்று வெடித்தது. அவளே ஒரு கணம் திகைத்துப் போனாள்.

ஐந்தும் முடிந்தன. இலக்குத் தாளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். நடுக் கறுப்பில் ஐந்து ஓட்டைகளும் நெருங்கி இருந்தன. ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மறைத்துவிடலாம்.

"ஐயோ!" என்று கத்திவிட்டாள் பொற்கொடி. "மாஸ்டர், பாத்தீங்களா? மூணு வருஷத்துல நான் இப்படிச் சுட்டதே இல்ல! நான் சொன்னேன்ல, எல்லாம் அந்தக் கிளப் துப்பாக்கி பண்ண வேலைன்னு?"

சூசைராஜ் கைதட்டினார். "அம்மாவுக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கு."

பொற்கொடி அங்கேயே போனைப் போட்டாள். மறுமுனையில் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே மகாலிங்கம்.

"என்னங்க, அஞ்சும் நடுவுல! அஞ்சும்!"

"அப்ப வாங்கிடு."

"கையில இருக்கறதெல்லாம் அதுக்கே போயிடும்ங்க."

"போகட்டும். ரெண்டாவது கிரைண்டரை அப்புறம் பாத்துக்கலாம். நீ இப்படிச் சிரிச்சுக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

போனை வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"மாஸ்டர், இதையே எடுத்துக்கறேன்."

"இன்னும் அஞ்சு சுடுங்க."

சுட்டாள். மூன்று கறுப்புக்குள், இரண்டு கொஞ்சம் இறங்கியிருந்தன.

"சந்தோஷத்துல கை ஆடிடுச்சு," என்றாள்.

"இன்னும் அஞ்சு."

இந்த முறை தாளைப் பார்த்த பொற்கொடியின் முகம் மாறிப்போனது. ஐந்தும் கீழே, இடப்பக்கமாக. மூன்று வருஷமாக அவளுக்குப் பழக்கமான அதே இடம்.

"என்ன மாஸ்டர் இது? அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

சூசைராஜ் பதறிவிட்டார். "சான்ஸே இல்லம்மா! சீல் பிரிச்சு ஒருநாள் ஆகல!"

"கெட்டுப் போகல அக்கா," என்றாள் நஸ்ரீன். "பழகிடுச்சு."

பொற்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நஸ்ரீன் மேகசினை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றாள். குண்டுகளைத் தானே போட்டாள். எதைப் போடுகிறாள் என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை. துப்பாக்கியை அவள் கையில் கொடுத்து, "சுடுங்க. உங்க கையை மட்டும் பாருங்க," என்றாள்.

முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதுக்கு விசையை இழுத்தாள்.

'டக்'.

வெடிக்கவில்லை. உள்ளே இருந்தது மருந்து இல்லாத டம்மி குண்டு. ஆனால் வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு, யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி, கீழே குனிந்து இடப்பக்கம் சாய்ந்தது.

பொற்கொடி அதைக் கண்ணால் பார்த்தாள். சூசைராஜும் பார்த்துவிட்டார். நாகரிகம் தெரிந்த மனுஷர், கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"யாரு தள்ளினது?" என்று கேட்டாள் நஸ்ரீன்.

பொற்கொடிக்குக் காது மடல் சுட்டது. வெடிக்கப் போகிறது, கை அதிரப் போகிறது என்று முன்னாலேயே பயந்து, அவள் கைதான் அதை அமுக்கியிருக்கிறது. பாவம், கிளப் துப்பாக்கியை மூன்று வருஷமாக ஊரெல்லாம் குறை சொல்லியிருக்கிறாள்.

"அப்போ முதல் அஞ்சு?" என்றாள் மெதுவாக. "அது எப்படி நடுவுல போச்சு?"

"அது எப்போ வெடிக்கும்னு அப்போ உங்களுக்குத் தெரியாது."

பொற்கொடிக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் மூன்று வருஷமாகத் தேடிய திருடன் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டுவிட்டான் என்றால் யாருக்குத்தான் குதூகலம் வராது?

"என்னால நடுவுல சுட முடியும் மாஸ்டர்! அப்படித்தானே? அஞ்சு தடவை சுட்டேன்ல!"

"சுட்டீங்க."

"அப்போ அந்தப் பழசையும் கொடுங்க, பாக்கறேன்!"

பழசை வாங்கிச் சுட்டாள். பிடி அவள் கைக்குப் பெரிது. விரல் எட்டி எட்டித்தான் விசையைத் தொட்டது. முதல் ஐந்தும் கறுப்புக்குள் போயின. புதுசின் அளவுக்கு நெருக்கமாக இல்லை. அடுத்து நஸ்ரீன் போட்டுக் கொடுத்த குண்டுகளுக்கு நடுவே ஒரு டம்மி வந்தபோது மூக்கு குனிந்தது, ஆனால் முன்னைப் போல அவ்வளவு இல்லை.

"பிடிதான் கைக்கு அடங்கல," என்றாள்.

"மரம்தானே. அரத்தால ராவிடலாம்."

இரண்டு துப்பாக்கிகளையும் குண்டை எடுத்துவிட்டு மேஜைமேல் வைத்தார்கள். பொற்கொடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மனசு புதுசின் பக்கமே ஓடியது. அதன்மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். எவ்வளவு வழுவழுப்பு! தனக்கென்று ஒரு பொருளை, அதுவும் புதுசாக, அவள் வாங்கி எத்தனையோ காலமாகிவிட்டது.

அதைக் கண்ட சூசைராஜ் சொன்னார்: "பணம் ஒரு பிரச்சினையே இல்லம்மா. மிச்சத்தைத் தவணையா கொடுங்க. மதுரைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க. எது?"

நஸ்ரீன் சூசைராஜிடம் இரண்டின் விலையையும் கேட்டாள். பொற்கொடியிடம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். பிறகு கிளப்புக்கு வந்திருந்த குண்டுப் பெட்டிகளின் பக்கம் போனாள்.

ஒரே ஒரு பெட்டியை எடுத்துவந்து புதுசின் பக்கத்தில் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி.

மறுபடி போனாள். இந்த முறை கை நிறைய அள்ளி வந்தாள். பழசின் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். திரும்பப் போய் இன்னும் அள்ளி வந்தாள். அடுக்கு ஆடியது. பக்கத்தில் இன்னொரு அடுக்குப் போட்டாள். சூசைராஜும் புரிந்துகொண்டு தானாகவே ஒரு கை கொண்டுவந்து கொடுத்தார். வியாபாரி என்றாலும் அவருக்கும் அதில் ஒரு சுவாரஸ்யம் வந்துவிட்டது.

கடைசியில் பழசு கண்ணுக்கே தெரியவில்லை. பெட்டிகள் அதைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றன.

"ரெண்டு பக்கமும் ஒரே விலை அக்கா," என்றாள் நஸ்ரீன்.

பொற்கொடி அந்தச் சுவரைப் பார்த்தாள். போட்டி வரைக்கும் தினமும் சுடலாம். அதற்கப்புறமும் சுடலாம். மழைக்காலம் முழுக்கச் சுடலாம். குண்டுக்காக மற்றவர்களிடம் கெஞ்ச வேண்டாம், எண்ணி எண்ணிச் சுட வேண்டாம். திருவிழாக் கடைத்தெருவில் நிற்கும் பிள்ளை மாதிரி இருந்தது அவளுக்கு.

இந்தப் பக்கம் திரும்பினாள். பளபளக்கும் கறுப்பும் ஒற்றைப் பெட்டியும்.

"தவணையில வாங்கினா?" என்றாள். கேட்கும்போதே குரல் தேய்ந்துவிட்டது.

நஸ்ரீன் அந்த ஒற்றைப் பெட்டியையும் எடுத்துவிட்டாள்.

தவணை கட்டினால் குண்டுக்குக் காசு மிஞ்சாது என்று பொற்கொடிக்குப் புரிந்தது. புதுசைத் தூக்கிச் சூசைராஜிடம் தானே நீட்டினாள்.

"மதுரைக்காரருக்கே கொடுத்திடுங்கண்ணே. நல்லா வச்சுக்கச் சொல்லுங்க."

"உறுதியாத்தான் சொல்றீங்களாம்மா?"

"எனக்கு இது வேணும்," என்று பெட்டிச் சுவருக்குள் கையை விட்டுப் பழசை எடுத்தாள். "இந்தப் பெட்டிங்களும் வேணும். எல்லாமே."

"கிளப்புக்கு நான் நாளைக்கு வேற கொண்டாந்து தர்றேன்," என்று சூசைராஜ் அவள் லைசென்ஸை வாங்கி எழுத வேண்டியதை எழுத உட்கார்ந்தார்.

பொற்கொடியால் சும்மா இருக்க முடியவில்லை. மரப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த இடத்தில் ராவ வேண்டும் என்று நகத்தால் கோடு போட்டாள். வெளுத்த இரும்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மகாலிங்கத்துக்குப் போன் செய்து, "வாங்கிட்டேன், பழசு, ஆனா பாருங்க, குண்டு மலை மாதிரி!" என்று தலையும் காலும் புரியாமல் கத்தினாள். அவரும் அந்தப் பக்கம் என்னவென்று தெரியாமலே சந்தோஷப்பட்டார்.

எல்லாம் முடிந்து சூசைராஜின் வேன் கேட்டைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் கொஞ்சம் புழுதி எழுந்து அடங்கியது. புதுசு போய்விட்டது.

பொற்கொடி கேட்டிலிருந்து நஸ்ரீன் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க அக்கா."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வாங்கினது நல்ல துப்பாக்கிதானே?"

நஸ்ரீன் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தாள்.

"இதையெல்லாம் சுட்டு முடிச்சிட்டு, நீங்க வந்து எனக்குச் சொல்லுங்க."

பொற்கொடி காதடைப்பை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பெட்டியைப் பிரித்தாள்.