வாசலுக்கு மேலே ஒரு ஜன்னல்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. ஒரு சின்ன விஷயத்தை விட்டால் உங்களுக்கு விடை கிடைக்காது. அதையே அழுத்திச் சொன்னால் புதிர் உடைந்துவிடும். எதற்கும் மெதுவாகவே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் ட்ரம்கார் என்று ஒரு பாழடைந்த கோட்டை. கூரை விழுந்துவிட்டது. சுவரில் புல் முளைத்திருக்கிறது. வாசலுக்கு மேலே மட்டும் ஒரு ஜன்னல் அப்படியே இருக்கிறது. அதன் கல்லில் கயிறு உராய்ந்த பள்ளம், கை நுழையும் ஆழத்துக்கு. கனமான வாசல் கதவை அடிக்கடி திறக்க முடியாது என்று மீன், விறகு எல்லாவற்றையும் அந்த ஜன்னல் வழியாகக் கூடையில் கட்டி இழுப்பார்களாம்.

அந்தக் காலத்தில் கோட்டைக்குச் சொந்தக்காரன் அலஸ்டர். அவன் போருக்குக் கிளம்பிய காலையில் ஃபெர்கஸ் என்பவன் காயத்தோடு அடைக்கலம் கேட்டு வந்தான். அலஸ்டர் அவனுக்குத் தன் கையாலேயே உப்பிட்ட ஓட்ஸ் ரொட்டி கொடுத்தான். அந்த நாட்டு வழக்கம் இது: ஒரு வீட்டின் உப்பைத் தின்றவனை அந்த வீடு ஒரு வருஷத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அவனும் அந்த வீட்டின் மேல் கை ஓங்கக் கூடாது.

பிறகு அலஸ்டர் தன் மனைவி மரியோட்டாவின் கையை வாசல் கதவின் இரும்பின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினான். "நான் வரும்வரை இது திறக்கக் கூடாது. யாருக்காகவும்."

அவன் போன கொஞ்ச நாளில், பனிக்காலத்தில், கில்கிறிஸ்ட் ஆட்களோடு வந்து கோட்டையை வளைத்தான். பக்கத்து மலைக்குத் தலைவன் அவன். ஃபெர்கஸோடு நடந்த சண்டையில்தான் அவனுடைய தம்பி செத்திருந்தான். கில்கிறிஸ்ட் முரடன், ஆனால் வழக்கம் தப்பாதவன். உப்புத் தின்ற வீட்டில் கத்தியை உருவினான் என்று சொந்த மருமகனையே மலையை விட்டுத் துரத்தியவன்.

அவனுடைய ஆட்கள் வாசல் கதவை ஒட்டி விறகை அடுக்கினார்கள். கில்கிறிஸ்ட் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

"அம்மணி! ஃபெர்கஸை வெளியே அனுப்பு. இல்லையென்றால் பொழுது சாயும்போது உன் கதவு எரியும். அதன்பின் உள்ளே யார், எவர் என்று பார்க்க மாட்டேன்."

"கதவைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஐயா."

"நல்ல சத்தியம்! வாசலில் வந்தவனுக்கு ஒரு வாய் கஞ்சி கிடையாது. என் ஆட்கள் பனியைத் தின்கிறார்கள். உன் புகைக்கூண்டில் மட்டும் ரொட்டி மணக்கிறது!"

கீழே எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே இருந்தது வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான். சமையல்காரி எல்ஸ்பெத் முணுமுணுத்தாள். "அம்மா, அந்த ஆளைக் கூடையில் உட்கார வைத்து இறக்கிவிட்டால் கதவும் திறந்ததாகாது, நாமும் பிழைப்போம். கொழுத்த பன்றியையே இறக்கியிருக்கிறோமே!"

"நானே இறங்கிப் போகிறேன்" என்றான் ஃபெர்கஸ்.

"நீயாகப் போனாலும் பிடித்து இறக்குவது என் கயிறுதானே?" என்றாள் மரியோட்டா.

பின்பக்கம் ஏரி அரைகுறையாக உறைந்திருந்தது. நடந்தால் உடையும், படகும் போகாது. சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. கீழே பந்தங்களைக் கொளுத்திவிட்டார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கதவைத் திறக்காமல், ஃபெர்கஸை விட்டுக்கொடுக்காமல், உள்ளே இருப்பவர்களையும் சாகவிடாமல் மரியோட்டா என்ன செய்தாள்?

விடை இதுதான். அடுப்பிலிருந்த ரொட்டியை எடுத்து, உப்பைக் கை நிறையத் தூவி, கூடையில் வைத்து ஜன்னல் வழியாக இறக்கினாள். "விஷமா, அம்மணி?" என்று கேட்டான் கில்கிறிஸ்ட். அவள் அதே ரொட்டியில் பிட்டு வைத்திருந்த துண்டை மேலே நின்றபடி மென்று காட்டினாள். பயந்து பணிகிறாள் என்று நினைத்து, ஆட்கள் எல்லோரும் பார்க்க, அவன் பெரிய துண்டாகக் கடித்து விழுங்கினான். "உப்பு போதுமா, ஐயா?" என்றாள் மரியோட்டா. அடுத்த துண்டை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. முதலில் அவன் ஆட்கள்தான் பந்தங்களைப் பனியில் குத்தி அணைத்தார்கள். அவனும் குதிரையைத் திருப்பினான். பனி உருகியதும் ஃபெர்கஸ் கூடையில் இறங்கிப் போனான். அலஸ்டர் மட்டும் போரிலிருந்து வரவே இல்லை. அதனால் அந்தக் கதவும் அவள் இருந்தவரை திறக்கவே இல்லை. எல்லாம் அந்த ஜன்னல் வழியாகவேதான். கல்லில் பள்ளம் அவ்வளவு ஆழமாக விழுந்தது அப்படித்தான்.